நல்ல பழக்கம்

திருப்பூர்
14.06.2023

அன்புள்ள அத்தானுக்கு,

ஜோதி எழுதுகிறேன். நானும் ஆஷாவும் சுகம். உங்களுக்குப் பல்வலி எப்படி இருக்கிறது? அங்கே டாக்டரிடம் காட்டினீர்களா, இல்லை வழக்கம்போல் கிராம்பைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களா?

நேற்று உங்களைப் பார்க்கக் கோயம்புத்தூர் ஜெயிலுக்கு வந்தேன். மனு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் பார்த்துப் பேசிவிட்டுப் போய்விட்டார்கள். கடைசியில் வார்டர் வந்து, "உம் புருசன் வரமாட்டேன்னுட்டான், கிளம்பும்மா" என்றார். போன வாரமும் இதே பதில்தான். கம்பெனியில் லீவு சொல்லி, பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, ரெண்டு பஸ் மாறி வருகிறவளுக்கு முகத்தைக்கூடக் காட்டமாட்டீர்களா?

எனக்குத் தெரியும். அந்தப் பேப்பர் உங்கள் கைக்கு வந்துவிட்டது.

நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். உங்களைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போன மறுநாள் தங்கதுரை என்று ஒரு நிருபர் நம் காம்பவுண்டுக்கு வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். "ஏனுங்க, செத்துப்போன ஜெயபாண்டி உங்களுக்குத் தெரிஞ்சவருங்களா?" என்று கேட்டார். எனக்கு அழுகை அடங்கவில்லை. "தெரியாம என்ன சார், எங்களுக்கு நல்ல பழக்கம். எல்லாரும் ஒரே கம்பெனி. வீட்டுக்கு வருவாக, போவாக. எங்க வீட்டுக்காரரு இல்லாட்டியும் வந்து பிள்ளைக்குத் தின்பண்டம் குடுத்துட்டு, டீ குடிச்சிட்டுப் போவாக. அப்படி இருந்த ரெண்டு பேருக்குள்ள இப்படி ஆகிப்போச்சே" என்றேன். ரெண்டு பேரும் பகையாளிகள் இல்லை, போதையில் தள்ளுமுள்ளு ஆகித் துவைக்கிற கல்லில் மண்டை மோதிவிட்டது என்று நாலு பேருக்குத் தெரியட்டும் என்றுதான் சொன்னேன். உங்களுக்கு நல்லது செய்வதாக நினைத்தேன்.

மறுநாள் பேப்பரில், "பழக்கத்தால் வந்த வினை: பனியன் தொழிலாளி கொலை" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். "ஜெயபாண்டிக்கும், இசக்கிமுத்துவின் மனைவி நாகஜோதிக்கும் பழக்கம் இருந்தது. கணவர் இல்லாத நேரத்திலும் ஜெயபாண்டி வீட்டுக்கு வந்து சென்றார். இதை இசக்கிமுத்து கண்டித்தார்." வார்த்தை என்னுடையதுதான். சொன்னது நான் இல்லை. கடைசி வரி அவர்களாகவே சேர்த்துக்கொண்டது. வாய் நிறைய "அண்ணே" என்று கூப்பிட்ட மனுசரோடு இப்படியா? எழுதவே கை கூசுகிறது.

அத்தை ஊரிலிருந்து போன் போட்டு, "எம் பேத்தி இனி உங்கிட்ட இருக்கக்கூடாது, நான் வந்து கூட்டியாந்துருவேன்" என்கிறார்கள். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அடங்குவார்கள். ஆஷாவையும் விட்டுவிட்டு நான் எதற்காக இருக்கவேண்டும்? அடுத்த செவ்வாய்க்கிழமை வருகிறேன். தயவுசெய்து வெளியே வாருங்கள்.

உங்கள் ஜோதி


கோவை மத்தியச் சிறை
05.07.2023

நாகஜோதிக்கு,

நலம். பல்லைப் பிடுங்கிவிட்டார்கள்.

இனிமேல் மனு போடாதே. இங்கே தினமும் பேப்பர் வருகிறது. எழுத்துக் கூட்டத் தெரியாதவனுக்கும் படித்துக்காட்ட ஆள் இருக்கிறது. நம் செய்தியை ஒருவன் ராகம் போட்டுப் படித்தான். இப்போது எனக்கு இசக்கிமுத்து என்று பேர் இல்லை. சாப்பாட்டு வரிசையில், "ஏய் பழக்கம், தட்டை நீட்டு" என்கிறான். குளிக்கப் போனால், "பழக்கம் வந்துருச்சு, வழிய விடுங்கப்பா" என்கிறான். நீ மனு போட்ட அன்று, "பழக்கத்தோட பொண்டாட்டி வந்திருக்கா" என்று பிளாக் முழுக்க ஒரே கூச்சல். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு நான் வெளியே வருவது?

எனக்கு அர்த்தம் சொல்லித்தர வேண்டாம். தினம் டீக்கடையில் பேப்பர் படித்துவிட்டு வேலைக்குப் போகிறவன் நான். பேப்பர்காரன் பழக்கம் என்று போட்டால் என்ன அர்த்தம், நெருக்கம் என்று போட்டால் என்ன அர்த்தம், தனிமையில் சந்தித்தனர் என்று போட்டால் என்ன அர்த்தம், அத்தனையும் எனக்கு அத்துப்படி. உனக்கும் படித்துக்காட்டிச் சிரித்திருக்கிறேன். நீயும்தான் சிரித்தாய். எல்லாம் தெரிந்திருந்தும் ஒரு நிருபர் முன்னால் அந்த வார்த்தையை எப்படி எடுத்தாய்? தெரிந்தவர் என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லையா?

அம்மா சொல்வதைக் கேட்டு நட.

இசக்கிமுத்து


திருப்பூர்
11.07.2023

அன்புள்ள அத்தானுக்கு,

ஜோதி வணக்கம். இங்கே எல்லாரும் சுகம். பல் பிடுங்கிய இடத்தில் வீக்கம் இருந்தால் உப்புத் தண்ணீரில் கொப்பளியுங்கள். ஆஷா ரெண்டாம் வகுப்பில் இந்த வாரம் லீடராம். பெருமை தாங்கவில்லை. அப்பா வெளியூர் வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லியிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் அழுகை வந்தது, பிறகு ஆத்திரம் வந்தது. வார்த்தையைத் தேடிப் பொறுக்கிப் பேசுகிற நிலைமையிலா நான் அன்றைக்கு இருந்தேன்? அப்போதுதான் அந்தக் கல்லில் இருந்த ரத்தத்தைக் கழுவிவிட்டு வந்து நிற்கிறேன். மளிகைக்கடைக்காரர் நமக்குப் பழக்கம், பால்காரர் பழக்கம், பள்ளிக்கூடத்து ஆயா பழக்கம் என்று தினமும்தான் சொல்கிறோம். நீங்களும்தான் சொல்கிறீர்கள்.

நேற்று அந்தப் பேப்பர் ஆபீஸுக்கே போய்விட்டேன். தங்கதுரை இருந்தார். உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். "பழக்கம்னா தெரிஞ்சவருன்னுதான சார் அர்த்தம்? நீங்க போட்டதுல வேற அர்த்தமாப் போச்சே" என்றேன்.

"அது நீங்க ஊட்டுல பேசறப்பங்க. பேப்பர்ல வந்துட்டா அதுக்கு ஒரே அர்த்தந்தானுங்க" என்றார்.

"தெரிஞ்சே போட்டீங்களா சார்?"

"கள்ளத்தொடர்புன்னு நாங்க போடலீங்களே. உங்க மனசு நோகக்கூடாதுன்னு நாகரிகமாத்தானுங்க போட்டிருக்கோம். நீங்க சொன்ன வார்த்தைதானுங்க, வேணும்னா கேட்டுப்பாருங்க" என்று செல்போனைத் தட்டினார். என் குரல்தான். எங்களுக்கு நல்ல பழக்கம் என்று அழுதுகொண்டே சொல்கிறேன். "நல்ல பழக்கம்னுதான சார் சொன்னேன், நல்லங்கிறத விட்டுட்டீங்களே" என்றேன். "அதையும் போட்டிருந்தா இன்னும் மோசமாப் போயிருக்குமுங்க" என்றார். சிரிக்காமல் சொன்னார். என்மேல் அக்கறைப்பட்டுச் சொல்கிற மாதிரி சொன்னார்.

கடைசியில், மறுப்பு ஒன்று போட்டுவிடலாம் என்றார். என்னை ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டார். வந்தவுடன் அத்தைக்கு அனுப்பிவைக்கிறேன்.

இன்னொன்று. ஜெயபாண்டி அண்ணனின் அப்பா தவசி பெரியப்பா போன் பண்ணினார். எடுக்கவே பயந்தேன். "தாயி, பேப்பர்காரன் எழுதினத நான் நம்பல. எம் மவன் அப்படிப்பட்டவன் இல்ல, நீயும் அப்படிப்பட்டவ இல்ல. ஒன்னத் தங்கச்சின்னுதான் எங்கிட்டச் சொல்லுவான்" என்றார். மகனைப் பறிகொடுத்தவர் சொல்கிறார். நீங்கள் சொல்லவேண்டிய வார்த்தை அது.

உங்கள் ஜோதி


திருப்பூர்
24.07.2023

அன்புள்ள அத்தானுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? இங்கே ஆஷாவுக்கு மட்டும் லேசான சளி. உங்களிடமிருந்து பதில் வரவில்லை. வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

மறுப்பு வந்துவிட்டது. "பழக்கம் இல்லை: கொலை வழக்கில் பெண் மறுப்பு" என்று போட்டு, பக்கத்தில் என் போட்டோ. முன்பு பேர்தான் வந்தது, இப்போது முகமும் வந்துவிட்டது. போட்டோவில் நான் டீ குடித்த தெம்பில் லேசாகச் சிரித்த மாதிரி வேறு இருக்கிறேன். பாவி மட்டை, சிரிக்கவா போனேன் அங்கே?

முதல் செய்தியைப் படிக்காதவர்கள்கூட இதைப் படித்துவிட்டார்கள். மறுப்பு என்று ஒருத்தி பேப்பரில் வந்து சொன்னால் இருக்கிறது என்றுதான் அர்த்தமாம். கம்பெனியில் செக்கிங் மேசையில் என் பக்கத்தில் நின்று பீஸ் பார்க்கிற பெண் சொன்னாள். அன்றைக்கே செக்கிங் சூப்பர்வைசர் வந்து குனிந்து, "எங்க கூடயும் கொஞ்சம் பழகலாமுல்லங்க?" என்றான். கையில் இருந்த பீஸை அவன் மூஞ்சியில் விட்டெறிந்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்காரம்மா மாரக்காளும் வந்தார்கள். "நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலே கண்ணு. பேப்பர்ல வந்த ஊடுன்னு மத்த ஊட்டுக்கு யாரும் குடி வரமாட்டேங்கறாங்க. வேற பாத்துக்கோ சாமி" என்றார்கள். ஆஷாவுக்கு முறுக்கும் கொண்டுவந்திருந்தார்கள். இந்த ஊரில் வெளியே போ என்பதைக்கூட அவ்வளவு மரியாதையாகச் சொல்கிறார்கள்.

அவிநாசிப் பக்கம் ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை இருக்கிறதாம். ஜோதி என்று மட்டும் பேர் சொல்லிச் சேரப்போகிறேன். புது விலாசம் கீழே எழுதியிருக்கிறேன். அதற்காவது பதில் போடுங்கள்.

உங்கள் ஜோதி


கோவை மத்தியச் சிறை
21.08.2023

நாகஜோதிக்கு,

நலம். ஆஷாவுக்குச் சளி விட்டதா?

உன்னை யார் பேப்பர் ஆபீஸுக்குப் போகச் சொன்னது? ஆறிக்கொண்டிருந்ததை மறுபடி கிண்டிவிட்டாய். உன் போட்டோவைக் கத்தரித்து இங்கே கழிவறைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தார்கள். நான்தான் நகத்தால் சுரண்டி எடுத்தேன்.

குற்றப்பத்திரிகை வந்துவிட்டது. பேப்பரில் வந்த வரி அப்படியே அதில் இருக்கிறது. மனைவியின் பழக்கத்தைக் கண்டித்தும் கேட்காததால், கொலை செய்யும் எண்ணத்தோடு காத்திருந்து தாக்கினான் என்று எழுதியிருக்கிறார்கள். ஆயுள் தண்டனைக்கு வழி பண்ணிவிட்டாய். உன் ஒரு வார்த்தையால் வந்தது.

காலாண்டு லீவுக்கு அம்மா வருவாள். பிள்ளையை அனுப்பிவை.

இசக்கிமுத்து


அவிநாசி
27.08.2023

அத்தானுக்கு,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், நன்றாக இருக்கிறீர்களா?

பிள்ளையை அனுப்பமாட்டேன். யார் வந்தாலும் சரி.

என் வார்த்தையால் வந்ததா? ஜெயபாண்டி அண்ணனைத் தள்ளியது என் வார்த்தையா? நீங்கள் ஏன் தள்ளினீர்கள் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அவர் தையலுக்குச் சூப்பர்வைசர் ஆனதிலிருந்தே உங்களுக்குப் பொறுக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை நீங்கள் தைத்த பண்டல் முழுவதையும் சரியில்லை என்று திருப்பி, ஹெல்பர் பிள்ளைகள் முன்னால் உங்களையே தையலைப் பிரிக்கவைத்தார். "டெய்லர்னு சொல்லிக்காதடா" என்றார். அது தப்புதான். அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை சமாதானம் பேச ஆஷாவுக்குப் பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தார். படியேறி வந்தவரை நீங்கள் ஒரு வார்த்தை பேசவிட்டீர்களா?

இதைப் போலீஸிலும் நீங்கள் சொல்லவில்லை, வக்கீலிடமும் சொல்லவில்லை. ஏன் அத்தான்? பழக்கம் என்று கூப்பிடுகிறார்களே என்று என்மேல் விழுகிறீர்கள். தைக்கத் தெரியாதவன் என்று கூப்பிட்டுவிடுவார்கள் என்று பயப்படுகிறீர்கள். பெண்டாட்டி கெட்டுப்போனாள் என்றால் உங்களுக்கு ஒரு குறையும் இல்லை, தையல் கெட்டுப்போனது என்றால்தான் குறை, அப்படித்தானே? கோபத்தில் எழுதுகிறேன். ஆனால் பொய் எழுதவில்லை.

உண்மையைச் சொல்லுங்கள். நானும் வந்து சொல்கிறேன். நாம் மூன்று பேரும் பிழைத்துக்கொள்ளலாம்.

ஜோதி


கோவை மத்தியச் சிறை
19.02.2024

அன்புள்ள ஜோதிக்கு,

நான் நலம். நீயும் ஆஷாக்குட்டியும் எப்படி இருக்கிறீர்கள்? பனிக்காலம் முடிகிற வரைக்கும் அவளுக்குத் தலைக்கு ஊற்றாதே. நீ நேரத்துக்குச் சாப்பிடு. இத்தனை மாதமாக எழுதாமல் இருந்ததை மனதில் வைத்துக்கொள்ளாதே. இங்கே இருந்து பார், அப்போது தெரியும்.

இந்தக் கடிதம் ஜெயில் தபாலில் வரவில்லை. நம் கேஸை நடத்துகிற சென்னிமலை வக்கீலின் குமாஸ்தா கொண்டுவந்து தருவார். பதிலையும் அவர் கையிலேயே கொடு.

வக்கீல் சொல்கிறார், கம்பெனித் தகராறு என்று இனிமேல் சொன்னால் எடுபடாதாம். காம்பவுண்டு ஆட்கள் எல்லாம் பேப்பரில் படித்ததையே போலீஸில் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே அந்த வழியிலேயே போய்த்தான் வெளியே வரவேண்டும். சந்தேகப்பட்டுத் திட்டம் போட்டுக் கொன்றான் என்றால் ஆயுள். கண்ணால் பார்த்து, அந்த நிமிஷத்தில் ஆத்திரம் தாங்காமல் தள்ளினான் என்றால் சில வருஷத்தில் வெளியே வந்துவிடலாம். அதைச் சொல்ல ஒருத்தியால்தான் முடியும். நீ சாட்சி சொல்லவேண்டும். பழக்கம் இருந்தது, அன்றைக்கு அவன் உள்ளே இருந்தான், கதவு சாத்தியிருந்தது, நான் கடைக்குப் போய்விட்டு வந்து பார்த்துவிட்டேன். இவ்வளவுதான்.

யோசித்துப் பார். ஊர் ஏற்கெனவே சொல்லிவிட்டது. புதிதாகப் போவதற்கு உன்னிடம் என்ன இருக்கிறது? நான் வெளியே வந்தால் ஆஷாவுக்கு அப்பா கிடைப்பான்.

உன் அத்தான்,
இசக்கிமுத்து


அவிநாசி
02.03.2024

அத்தானுக்கு,

சுகம். ஆஷா முன்பல் ரெண்டும் விழுந்து பொக்கைவாயாகத் திரிகிறாள்.

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். என்னிடம் போவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்று இருக்கிறது. தவசி பெரியப்பா இன்னும் என்னை நம்புகிறார். பொங்கலுக்குப் போன் பண்ணி, "பிள்ளைக்குப் புதுச் சட்டை எடுத்தியா தாயி?" என்று கேட்டார். அவர் உட்கார்ந்திருக்கிற கோர்ட்டில் நின்றுகொண்டு உங்கள் மகன் என்னோடு இருந்தார் என்று நான் சொல்லவேண்டும். செத்தவர் எழுந்துவந்து இல்லை என்று சொல்லப்போகிறாரா? இப்படி ஒரு யோசனை உங்களுக்கு எப்படி வந்தது?

ஆனால் போன வாரம் அத்தை பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார்கள். பாட்டி என்று சொல்லிப் பிள்ளையைக் கேட்டிருக்கிறார்கள். அம்மா வராமல் அனுப்பமாட்டோம் என்று டீச்சர் சொல்லிவிட்டார். ஆஷா ராத்திரி முழுக்க என் சேலையை விரலில் சுற்றிக்கொண்டே தூங்கினாள்.

சொல்கிறேன், சாட்சி சொல்கிறேன். ஆனால் ஆஷா என்னோடுதான் இருப்பாள் என்று நீங்கள் எழுதித்தரவேண்டும். கோர்ட்டில் நான் சொல்வது பொய் என்று அத்தையிடம் உங்கள் வாயாலேயே சொல்லவேண்டும். இது ரெண்டும் இல்லாமல் கோர்ட் வாசலை மிதிக்கமாட்டேன்.

ஜோதி


கோவை மத்தியச் சிறை
10.03.2024

அன்புள்ள ஜோதிக்கு,

நலம். நலமறிய ஆவல். பொக்கைவாய்க் கழுதையை நான் கேட்டதாகச் சொல்.

ஆஷா உன்னிடம்தான் இருப்பாள். அவள் தலையில் கை வைத்துச் சொல்வதாக நினைத்துக்கொள். அம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். முதலில் குதித்தாள், பிறகு, "எம் மவன் வெளிய வந்தாச் சரி" என்றாள். இனிமேல் பள்ளிக்கூடத்துப் பக்கம் வரமாட்டாள்.

நீ சொல்லப்போவது பொய் என்று எனக்குத் தெரியாதா? உனக்கும் எனக்கும் தெரிந்தால் போதும். மற்றவன் என்ன நினைத்தால் நமக்கென்ன? நான் வெளியே வந்ததும் இந்தத் திருப்பூரே வேண்டாம், உடுமலைப்பேட்டைப் பக்கம் போய்விடலாம். அங்கே யாரும் நம் பேரைப் படித்திருக்கமாட்டான்.

ஒன்று மட்டும். கூண்டில் நின்று திணறாதே. நம்புகிற மாதிரி சொல்லு.

உன் அத்தான்


அவிநாசி
18.11.2024

அன்புள்ள அத்தானுக்கு,

ஜோதி வணக்கம். நாங்கள் சுகம். கோர்ட்டில் பார்த்தபோது ரொம்ப மெலிந்திருந்தீர்கள். அஞ்சு வருஷம் என்று தீர்ப்பு வந்ததும் ஆஷாவைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஆயுள் போய் அஞ்சு. உள்ளே இருந்த காலத்தைக் கழித்தால் மீதியைப் பல்லைக் கடித்துத் தள்ளிவிடலாம்.

நீங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள். இருந்தாலும் யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருக்கிறது. உங்களைவிட்டால் யாரிடம் சொல்வேன்?

பழக்கம் இருந்தது ஐயா என்றேன். அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஜட்ஜ் ஐயா நிமிர்ந்து, "என்ன பழக்கம்மா? தெளிவாச் சொல்லுங்க" என்றார். பேப்பருக்குப் போதுமாக இருந்த வார்த்தை கோர்ட்டுக்குப் போதவில்லை. வேறு வார்த்தை சொன்னேன். அதை டைப் அடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அரசாங்க வக்கீல் எழுந்து, இவள் புருஷனைக் காப்பாற்ற ஜோடித்துச் சொல்கிறாள் என்று மடக்க ஆரம்பித்தார். கதவு எந்தப் பக்கம் திறக்கும், தாழ்ப்பாள் மேலா கீழா, அந்த ஆள் என்ன சட்டை போட்டிருந்தான் என்று துளைத்தார். சென்னிமலை வக்கீல் இதையெல்லாம் சொல்லித்தரவில்லை. நான் திணறினால் நீங்கள் ஆயுளுக்கும் உள்ளே போய்விடுவீர்கள். அதனால் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நீலக் கட்டம் போட்ட சட்டை, கழற்றிக் காலண்டர் ஆணியில் மாட்டியிருந்தார் என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார்.

தவசி பெரியப்பா வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். காலில் விழலாம் என்று போனேன். ரெண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார். "பேப்பர்காரன் மேலதான் தாயி சந்தேகப்பட்டேன்" என்றார். அவ்வளவுதான். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டார். ஏசியிருந்தால்கூடத் தேவலை.

பரவாயில்லை. எனக்கு நீங்களும் ஆஷாவும் போதும். இனி மனு போடலாமா? எப்போது வரட்டும்?

உங்கள் ஜோதி


அவிநாசி
06.01.2025

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதுங்கள். நான் போன கடிதம் போட்டுத் கார்த்திகைப் பொரியெல்லாம் தீர்ந்து பொங்கலே வரப்போகிறது, ஒரு வரி வரவில்லை. கை வலிக்கிறதா, இல்லை கடிதம் கிடைக்கவில்லையா?

மனு போட்டுப் பார்க்க வந்தேன். பழையபடி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டீர்களாம். ஏன்? இப்போது பேப்பரில்கூட ஒன்றும் வரவில்லையே. தீர்ப்பு வந்த அன்று போட்டதோடு சரி.

ஆஷா உங்களுக்கு ஒரு படம் வரைந்திருக்கிறாள். உள்ளே வைத்திருக்கிறேன். நடுவில் மீசையோடு இருப்பது நீங்கள்தானாம். எனக்குப் பயமாக இருக்கிறது அத்தான். ஏதாவது எழுதுங்கள், திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள் ஜோதி


கோவை மத்தியச் சிறை
12.02.2025

நாகஜோதிக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய்.

ரெண்டு கடிதமும் கிடைத்தன. படமும் கிடைத்தது. யோசித்துக்கொண்டிருந்ததால் பதில் போடவில்லை.

சென்னிமலை வக்கீல் போன மாதம் வந்திருந்தார். சட்டை, ஆணி, தாழ்ப்பாள் இதையெல்லாம் நீங்கள் சொல்லிக் கொடுத்தீர்களா என்று கேட்டேன். "நான் சொல்லித் தரலீங்க, அந்தப் புள்ள தானாத்தான் சொல்லுச்சு. அதுலதான் கேஸே நின்னுச்சுங்க" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் நடுங்கினாய். சட்டை என்றதும் நடுக்கம் நின்றுவிட்டது. ஒரு மனுஷி பார்க்காத ஒன்றை அவ்வளவு சரியாக, அவ்வளவு வேகமாகச் சொல்லமுடியுமா? அவனிடம் நீலக் கட்டம் போட்ட சட்டை இருந்தது. எனக்கும் தெரியும். உனக்கு எப்படித் தெரியும் என்பதுதான் கேள்வி.

ஒரே கம்பெனி, தினம் பார்த்த சட்டை என்று சொல்வாய். நீ எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாய். உன் வார்த்தைக்கு ஒரு அர்த்தம், ஊருக்கு ஒரு அர்த்தம் என்று முதலில் சொன்னாய். நான்தான் ஏமாளி மாதிரி அதை நம்ப இருந்தேன். பேப்பரில் வந்தது பொய் என்றால் கோர்ட்டில் ஏன் அது அப்படியே நின்றது?

இந்தக் கடிதம் உனக்குக் கிடைப்பதற்குள் அம்மா ஆஷாவை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பாள். தீர்ப்பின் நகலையும் உன் வாக்குமூலத்தின் நகலையும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் கேட்டால் காட்டச் சொன்னேன். நீயே சொல்லி, நீயே கையெழுத்துப் போட்டது. அதற்குமேல் எந்த டீச்சரும் பேசமாட்டாள். நீ எந்த ஆபீஸுக்குப் போனாலும் அந்தக் காகிதம் உனக்கு முன்னால் போய் நிற்கும். ரெண்டு நாள் அழுவாள். சின்னப் பிள்ளை, பழகிவிடுவாள்.

இங்கே இப்போது யாரும் என்னை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கேஸ் என்ன என்று புதிதாக வருகிறவன் கேட்டால், மானஸ்தன் என்கிறார்கள். தையல் யூனிட்டில் என்னை மேஸ்திரியாகப் போட்டிருக்கிறார்கள். பெட்ஷீட்டுக்கு ஓரம் அடிக்கிற வேலை. கை நன்றாகப் பிடிபட்டுவிட்டது.

ஊருக்கு வராதே. வந்தால் அம்மா ஆள் கூட்டிவிடுவாள், அசிங்கமாகிவிடும். உடம்பைப் பார்த்துக்கொள். இனிமேல் எழுதவேண்டாம்.

இசக்கிமுத்து